மரைக்கேற்ற ஸ்பேனர்

(குச்சனூரில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, ஒற்றுமை, சிக்கனம், கலியாணச் செலவு என்பனவற்றைப் பற்றிப் பேசும் இம்மேடையில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோர் கிணற்றடியில் வீணாகும் பொருளைப் பற்றியும் பேசவேண்டும். கல்வியைப் பற்றிப் பேசுவோர் கையறிவைப் பற்றியும் பேசவேண்டும். ஆதலின் இவ்விஷயம் நம் மேடைக்கு அந்நியமானதன்று.

இதனைப் பேசுதற்குக் குச்சனூரைக் காட்டிலும் தக்க இடம் வேறில்லை. சுரபி நதிக்கரையில் சுயம்புவாய் எழுந்தருளியிருக்கும் சனீசுவர பகவானைத் தரிசிக்க நாடெங்கிலுமிருந்து மக்கள் இவ்வூருக்கு வருகின்றனர். அப்பகவானுக்குரிய உலோகம் இரும்பு என்பது முன்னோர் கொள்கை. சனிக்கிழமையில் இரும்பு வாங்கலாகாது என்னும் வழக்கமும் நம்மவரிடையே உண்டு. அவ்வழக்கத்தை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. அதனைக் கைக்கொள்வோர்க்கு ஒன்று மட்டும் கூறுவோம்: சனிக்கிழமையன்று தண்ணீர் முறை வந்து பம்பு நின்றுபோனால் அன்றைக்கு ஸ்பேனர் தேடி ஓடுவதில் பயனில்லை, வெள்ளிக்கிழமைக்குள்ளேயே வாங்கி வைத்திருக்கவேண்டும்.

நம் பள்ளத்தாக்கின் வாழ்வு தண்ணீரால் நடக்கின்றது. 1887-ஆம் ஆண்டில் தொடங்கி 1895-ஆம் ஆண்டில் முடிந்த பெரியாற்று அணையை ஜான் பென்னிகுயிக் துரை கட்டுவித்ததும், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் வந்ததும் சிறுவரும் அறிந்த செய்தி. அந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைகின்றது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களிலோ கிணறும், ஆழ்துளைக் கிணறும், மோட்டாரும் பம்புமே உழவரைக் காப்பாற்றுகின்றன. வாழையும் திராட்சையும் தென்னையும் பம்பின் சத்தத்தைக் கேட்டே வளர்கின்றன எனலாம். அந்தப் பம்பையும், அதனைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும், நீர் செல்லும் குழாயையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துவன சில போல்ட்டுகளே. விரலளவான அவ்வாணி நழுவினால் பத்துக் குதிரைச் சக்தி மோட்டாராலும் பயனில்லை.

இனி, போல்ட் என்பது எங்ஙனம் பிடிக்கின்றது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். இஃதறியாதவர்க்கு எக்கருவியைக் கொடுத்தாலும் வீணே. போல்ட்டை நம் பழைய தமிழில் மரையாணி என்பர். மரை என்பது வேறொன்றுமில்லை; மலைமேல் ஏறும் வண்டிப்பாதையைப் போன்ற ஒரு சரிவை ஆணித்தண்டின்மேல் சுற்றி வைத்திருப்பதேயாகும். நட்டைத் திருகத் திருக அது அச்சரிவில் ஏறுகின்றது. இருபக்கத்து இரும்பும் நெருங்கி முட்டிய பின்னர் மேலும் திருகினால் ஆணித்தண்டு இழுபடுகின்றது. எஃகு, இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு மீளும் தன்மையுடையது. அவ்வாறு மீளத் துடிக்கும் துடிப்பே இரு பொருள்களையும் கவ்விப் பிடிக்கின்றது. 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள நல்ல எஃகு போல்ட் ஒன்று, முறைப்படி இறுக்கப்பெற்றால், மூன்று டன்னுக்கு மேற்பட்ட பாரத்தோடு கவ்வும் என்றால் வியப்பாக இல்லையா?

இத்தத்துவத்திற்கு நம் மலைமேலேயே பெரியதொரு சாட்சி உண்டு. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பெற்ற பெரியாற்று அணையை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பலப்படுத்திய பொழுது, அணையின் உச்சியிலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டு, 95 எஃகு வடங்களை இறக்கி, பாறையில் ஊன்றி, இழுத்துப் பூட்டினர். ஒவ்வொன்றும் 120 டன் இழுவைக்கென அமைந்தது. பேரணையைப் பாறையோடு இறுக்கும் அவ்வடமும், நம் பம்பைச் சட்டத்தோடு இறுக்கும் போல்ட்டும் ஒரே நியாயத்தால் வேலை செய்கின்றன. இழுபட்டு நிற்பதே அவற்றின் பலம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். குறைவாக இறுக்கிய போல்ட் இழுபடாமையால், அதிர்ச்சியில் தானே கழலும். மிகையாக இறுக்கிய போல்ட்டோ மீளும் எல்லையைக் கடந்து நீண்டு, இறுகியதுபோல் தோன்றி, ஒருநாள் ஒடியும். இவ்விரண்டுக்கும் இடையே நிறுத்துவதே கைத்தொழிலாளியின் அறிவு. அவ்வறிவுக்கு உற்ற துணையே தக்க ஸ்பேனர்.

ஸ்பேனர் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். போல்ட்டின் தலையும் நட்டும் பெரும்பாலும் ஆறு பட்டையுடையன. வாய் திறந்த ஸ்பேனர் அவற்றுள் எதிரெதிரான இரண்டு பட்டைகளை மட்டுமே பற்றுகின்றது. பாரம் முழுவதும் இரண்டு மூலைகளின்மேல் விழுகின்றது. ரிங் ஸ்பேனரோ வளையமாய்ச் சூழ்ந்து ஆறு மூலைகளையும் பற்றுகின்றது. பாக்ஸ் ஸ்பேனரும் சாக்கெட்டும் அவ்வாறே சூழ்வதோடு, குழிக்குள் இருக்கும் நட்டையும் மேலிருந்து எட்டுகின்றன. ஆகவே தேர்வு முறை இதுவாம்: சாக்கெட் நுழையுமாயின் சாக்கெட், அதற்கிடமில்லையாயின் ரிங், மேலிருந்து நுழைக்க வழியின்றிப் பக்கத்திலிருந்தே செருகவேண்டியிருப்பின் திறந்த வாய் ஸ்பேனர், இவற்றுள் எதுவும் அளவுக்குக் கிடைக்காத அவசரத்தில் மட்டும் ஸ்க்ரூ ஸ்பேனர். கட்டிங் பிளேயரால் நட்டைத் திருகுவதென்பது எக்காலத்தும் கூடாது. அது கம்பிக்கு உரியது. பல் வைத்த பைப் ரெஞ்சு உருண்டைக் குழாய்க்கு உரியது; அதனை ஆறுபட்டை நட்டின்மேல் வைத்தால், பட்டையைக் கடித்துத் தின்றுவிடும்.

திறந்த வாய் ஸ்பேனரில் தலை நேராக இராமல் சற்றுச் சாய்ந்திருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அஃது உருவாக்கியவனின் பிழையன்று. பெரும்பாலும் 15 பாகை சாய்த்து அமைக்கின்றனர். இடுக்கான இடத்தில் ஒருமுறை திருகி, ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மறுபடி செருகினால், 30 பாகை அசைவதற்கு இடமிருந்தாலே நட்டை முழுச்சுற்றும் திருப்பிவிடலாம். இஃதறியாதவர், இடம் போதவில்லையென்று சுத்தியலைத் தேடுகின்றனர்.

“ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று எல்லா அளவுக்கும் பொருந்துமே, பத்து ஸ்பேனர் வாங்கும் செலவு எதற்கு?” என்று கேட்பவர் பலர். கேள்வி நியாயமானதே. 1892-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து யோஹான் பெத்தர் யோஹான்சன் என்பார் உரிமை பெற்ற அக்கருவி உலகெங்கும் பரவியதற்குக் காரணம் அச்சௌகரியமே. ஆயினும் அதன் நகரும் தாடை எப்பொழுதும் சிறிது ஆட்டமுடையது. இறுகிப்போன நட்டின்மேல் அதனை வைத்து இழுத்தால், தாடை விலகி மூலைகளை மழுக்கிவிடுகின்றது. மூலை மழுங்கிய நட்டை எடுக்க உளியும், பட்டறையும், கூலியும் வேண்டும். அக்கூலியில் ஒரு ரிங் ஸ்பேனரை வாங்கியிருக்கலாம். ஸ்க்ரூ ஸ்பேனரைக் கையாளவே நேர்ந்தால், வாயை நட்டோடு ஒட்ட இறுக்கிக்கொண்டு, அசையாத தாடையின்மேல் பாரம் விழும்படி இழுக்கவேண்டும். நகரும் தாடையின்மேல் பாரம் விழலாகாது.

அடுத்தது அளவு. இதில்தான் நம் பக்கத்துக் கிணற்றடிகளில் பெருங்குழப்பம் நிகழ்கின்றது. காரணம் சரித்திரத்திலுள்ளது. இங்கிலாந்து தேசத்து ஜோசப் விட்வொர்த் 1841-ஆம் ஆண்டில் மரைகளுக்கு ஒரு பொது ஒழுங்கை வகுத்தார். அதுவரை பட்டறைக்கொரு மரையாக இருந்தது. அவர் வகுத்த அங்குல மரை நம் நாட்டிலும் வேரூன்றியது. பின்னர் இந்திய அரசாங்கம் 1956-ஆம் ஆண்டில் சட்டமியற்றி மெட்ரிக் அளவைக் கொணர்ந்தது. எனினும் பழைய எஞ்சின்களும் பழைய பம்புகளும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆகவே ஒரே தோட்டத்தில் பாட்டனார் வைத்த எண்ணெய் எஞ்சினில் அங்குல மரையும், பேரன் வைத்த மோட்டாரில் மெட்ரிக் மரையும் இருப்பதுண்டு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். மெட்ரிக் ஸ்பேனரின்மேல் பொறித்த எண் அதன் வாயின் அகலம். 13 என்றால் வாய் 13 மில்லிமீட்டர். விட்வொர்த் ஸ்பேனரின்மேல் பொறித்த எண்ணோ ஆணித்தண்டின் பருமன். அரை அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் அரை அங்குலமன்று. சற்றேறக்குறைய 23 மில்லிமீட்டர். மெட்ரிக் போல்ட்டுகளில் 6 மில்லிமீட்டர் ஆணிக்கு 10 ஸ்பேனரும், 8-க்கு 13-ம், 10-க்கு 17 அல்லது 16-ம், 12-க்கு 19 அல்லது 18-ம், 16-க்கு 24-ம் பொருந்தும். இருசக்கர வண்டிகள் பலவற்றில் 12, 14 என்னும் அளவுகளும் வரும். வாய் அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலும் நட்டின் மூலையே பாரத்தைத் தாங்கி மழுங்கும். “ஏறக்குறையப் பொருந்துகின்றது” என்பது பொருந்தவில்லை என்பதற்கு மறுபெயர். ஸ்பேனருக்கும் நட்டுக்கும் நடுவே தகட்டுத் துண்டைச் செருகித் திருகுவோர் நட்டையும் கெடுத்துத் தம் விரலையும் கெடுத்துக்கொள்வர்.

பின்னர் நீளம். சிறிய ஸ்பேனர் குட்டையாகவும் பெரிய ஸ்பேனர் நெட்டையாகவும் இருப்பது இரும்பைச் சேமிப்பதற்காகவன்று. அந்தந்தப் போல்ட் தாங்கக்கூடிய முறுக்குக்கேற்ப நீளம் வகுத்திருக்கின்றனர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மில்லிமீட்டர் நல்லெஃகு போல்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய 25 நியூட்டன்-மீட்டர் முறுக்குப் போதும். 20 சென்டிமீட்டர் தூரத்தில் கைபிடித்தால் அதற்குப் பன்னிரண்டரைக் கிலோ அளவான இழுப்பு வேண்டும். அதே ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகினால் இரண்டரைக் கிலோவே போதும். ஆனால் குழாயைச் செருகியவர் இரண்டரைக் கிலோவோடு நிற்பாரா? உடம்பைச் சாய்த்து முப்பது கிலோ கொடுப்பார். போல்ட்டுக்கு வேண்டியதைப்போல் பன்னிரண்டு பங்கு! ஆணி ஒடிவதில் வியப்பென்ன? இறுக்குவதற்குக் குழாய் செருகவே கூடாது என்பது இக்கணக்கின் முடிபு.

இறுக்கும்பொழுது நம் கை கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆணியை இழுக்கின்றது. எஞ்சியது தலைக்கடியிலும் மரையிலும் உராய்விலே கழிகின்றது. ஆகவே துருப்பிடித்த மரை, பாதி இழுபடுமுன்பே இறுகியதுபோல் ஏமாற்றும். எண்ணெயிட்ட மரையோ அதே முறுக்குக்கு மிகுதியாக இழுபட்டுவிடும். டிராக்டர் எஞ்சினின் தலையைப் பூட்டுவது போன்ற நுட்பமான வேலைக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சையே கொள்ளவேண்டும். மரையில் எண்ணெய் இடுவதா விடுவதா என்பதையும் செய்தவர் புத்தகத்திலே பார்த்தே செய்யவேண்டும். டார்க் ரெஞ்சு இறுக்குவதற்கே உரியது. கழற்றுவதற்கு அதனை எடுத்தால் அதன் நிதானம் கெடும்.

இனிக் கழற்றும் முறை. தண்ணீரோடு பழகும் போல்ட் துருவேறி இறுகுவது இயல்பு. முதலில் கம்பித் தூரிகையால் மரையைத் துலக்கி, மண்ணெண்ணெயோ டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டுச் சிறிது நேரம் பொறுத்திருக்கவேண்டும். பொறுமையே இங்கு முதற்கருவி. பிறகு தலையில் மெல்லத் தட்டி, பொருத்தமான ரிங் ஸ்பேனரை முழுவதும் அமிழ்த்தி, ஒரு மயிரிழையளவு இறுக்கும் பக்கம் அசைத்து, அப்பால் கழற்றும் பக்கம் இழுக்கவேண்டும். துரு உடைந்தவுடன் ஆணி தானே வழிவிடும். எப்பொழுதும் தம்மை நோக்கி இழுக்கவேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளுவோர், நட்டு சடக்கென்று விட்டவுடன் முட்டியை இரும்பில் மோதிக்கொள்வர். தள்ளியே ஆகவேண்டிய இடத்தில் விரல்களை மடக்காமல், உள்ளங்கையை விரித்துத் தள்ளவேண்டும். மேலும், எல்லா மரையும் வலமரை என்று எண்ணிவிடலாகாது. பழைய லாரிகள் சிலவற்றின் இடப்பக்கச் சக்கரங்களிலும், சில பம்புகளின் விசிறி நட்டிலும் இடமரை உண்டு. அவற்றை வழக்கப்படி திருகுவோர், கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பர்.

பம்பைப் பற்றி இரண்டொரு வார்த்தை. குழாய்களை இணைக்கும் பிளேஞ்சின் நட்டுகளை வரிசையாக ஒவ்வொன்றையும் முழுவதும் இறுக்கிச் செல்வது தவறு. எதிரெதிராகக் குறுக்கு முறையில், சிறிது சிறிதாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கவேண்டும். இல்லையேல் ஒருபுறம் வாய் திறந்து நிற்கும். உறிஞ்சு குழாயின் பக்கம் அவ்வாறு திறந்தால் நீர் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே புகும். பம்பு நீரெடுக்க மறுக்கும். உழவரோ மோட்டாரைக் குறை சொல்வார். அவ்வாறே பம்புத் தண்டைச் சூழ்ந்த கிளாண்டின் நட்டுகளை, ஒரு துளியும் சொட்டாதபடி இறுக்குவதைச் சாமர்த்தியமாகக் கருதுவோர் உளர். அச்சொட்டு நீரே தண்டுக்குக் குளிர்ச்சி. அதனை அடைத்தால் உராய்வில் சூடேறித் தண்டு தேயும். சொட்டுச் சொட்டாக விழும்படி, இருபுறமும் சமமாக இறுக்குதல் வேண்டும்.

இவையெல்லாவற்றினும் முக்கியமானது உயிர். நம் தோட்டங்களில் மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரை ஓடச்செய்யும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கின்றனர். மின்சாரம் இல்லையே என்று பம்பில் ஸ்பேனரை வைத்துக்கொண்டிருக்கும்பொழுது மின்சாரம் வருமாயின் நிகழக்கூடியதை நாம் விவரிக்க விரும்பவில்லை. மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தம் பையில் போட்டுக்கொண்ட பின்னரே ஸ்பேனரைத் தொடவேண்டும். நட்டுக்கு மாற்று நட்டு உண்டு. கைக்கு மாற்றுக் கை இல்லை.

சக்கர நட்டுகளும் அங்ஙனமே. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஏறும் மலைச்சாலைகளில் நம் மக்கள் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து செல்கின்றனர். ஒரு சக்கரத்தின் நான்கைந்து நட்டுகளில் அத்தனை பேருடைய உயிரும் தொங்குகின்றது. சக்கரம் மாற்றுவோர், ஜாக்கியை ஏற்றுமுன்பே நட்டுகளைக் கால்சுற்று இளக்கிக்கொண்டு, மாற்றியபின் நட்சத்திர வடிவில் ஒன்றுவிட்டொன்றாக இறுக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு கடைசி இறுக்கம் கொடுக்கவேண்டும். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். இதற்குச் செல்லும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரமே.

ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கருவிகள் யாவை? 6 முதல் 22 வரை திறந்த வாய் ஸ்பேனர் ஒரு செட்டு. அதே அளவில் ரிங் ஸ்பேனர் ஒரு செட்டு. பத்தங்குல ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று. குழாய்க்கென்று பைப் ரெஞ்சு ஒன்று. குரோம் வனேடியம் எஃகு என்று பொறித்ததாகப் பார்த்து வாங்குக. விலை மலிந்த மெல்லிரும்பு ஸ்பேனரின் வாய் நாலு முறை இழுத்தவுடன் அகன்றுவிடும். அகன்ற வாய் நட்டைத் தின்னும். தனித்தனியே வாங்க இயலாதவர் தெருவுக்கு நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து ஒரு செட்டு வாங்கி, பொதுவிடத்தில் வைத்துக் கணக்கெழுதி எடுத்து வழங்கலாம். நம் சங்கம் இதில் முன்னின்றால், அது வெறும் தீர்மானம் நிறைவேற்றுவதினும் மேலான பணியாகும்.

முடிவாக இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய்க் கறை படிந்த கையை இழிவென்று எண்ணும் மனப்பான்மை நம்மவரிடையே இன்னும் முழுவதும் ஒழியவில்லை. இரும்பைத் தொடும் தொழில் இன்ன குலத்துக்குரியது, இன்ன குலத்துக்கு ஆகாது என்பது பொருந்தாப் பேச்சு. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் உழவர் குடியிற் பிறந்து, மோட்டார் வண்டிகளைத் தம் கையாலேயே பிரித்துப் பூட்டிக் கற்றவர். 1937-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாக மின் மோட்டார் செய்வித்தவர்களுள் அவரும் ஒருவர். ஸ்பேனரைப் பிடித்ததால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை. பெண்மக்களும் இதனைக் கற்கவேண்டும். ஆடவர் மலைத்தோட்டத்துக்குச் சென்றிருக்கும்பொழுது கிணற்றடியில் பம்போடு இருப்பவர் அவர்களே. மேற்கூறிய முறைகளுள் ஒன்றேனும் உடல்வலிமையை வேண்டியதன்று. அளவறிந்து, வகையறிந்து, பொறுமையோடு செய்வார்க்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை இல்லை.

புத்தி தடுமாறினவரை “மரை கழன்றவர்” என்று நம் ஊரார் சொல்வது வழக்கம். மரை கழலாமல் காப்பது அறிவு என்பதை அச்சொல்லே நமக்குக் கற்பிக்கின்றது.  வரும் கூட்டத்திற்கு வரும்பொழுது, வீட்டிலுள்ள ஸ்பேனர்களை எடுத்து வருமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். எது விட்வொர்த், எது மெட்ரிக், எதன் வாய் அகன்றது என்பதை ஒருங்கிருந்து பிரித்துப் பார்ப்போம்.